ஒரே அச்சில் வார்த்த புன்னகை

(திரைப்பட ரசிகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைப் பற்றி ஒருவன் ஒரு மணி நேரம் பேசப் போகிறான் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிலரும், இது ஏதோ தத்துவ விசாரமாக முடிந்துவிடப் போகிறதே என்ற அச்சத்தோடு வந்தவர்கள் சிலரும் இந்தச் சபையில் இருப்பீர்கள். இரு சாராருடைய எதிர்பார்ப்பும் பாதியளவு நிறைவேறும். நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். ஊரார் எப்படி நடக்கிறார்களோ அப்படியே நாமும் நடந்துவிடுவது, பத்துப் பேர் ஆமென்றால் பதினோராவது ஆளாக நாமும் தலையசைத்துவிடுவது என்ற மனித சுபாவத்தைப் பற்றி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல், விளையாட்டுக் கட்டைகளையும் விரலளவுப் பொம்மைகளையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படம் பிடித்துச் சொல்லிவிட முடியுமா? முடியுமென்றால், வாய் நிறைய வசனம் பேசுகிற படங்களைக் காட்டிலும் அது நன்றாகச் சொல்வதற்குக் காரணம் என்ன?

ஸ்டாப் மோஷன் என்னும் இந்த வித்தையை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பொம்மை ஒன்றை மேஜையின்மேல் நிறுத்தி ஒரு படம் எடுக்கிறோம். அதன் கையைச் சிறிதே உயர்த்தி மறுபடியும் ஒரு படம் எடுக்கிறோம். இப்படியே நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களை வேகமாக ஓட்டினால், அசையாத பொம்மை அசைவதாகக் கண் நம்பிவிடுகிறது. சாதாரண சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கட்டைப் பொம்மைகளை வைத்து 'பிரிக்ஃபிலிம்' எடுக்கும் அன்பர்கள் பெரும்பாலும் 12 அல்லது 15 படங்களோடு திருப்தியடைகிறார்கள். அப்படியிருந்தும் ஒரு நிமிஷப் படத்துக்கு 720 அல்லது 900 தடவை பொம்மையைத் தொட்டு, கையை விலக்கி, காமிராவை அழுத்த வேண்டியிருக்கிறது. இந்த வித்தை புதிதன்று. ஸ்டாரெவிச் என்பவர் 1912-ஆம் வருஷத்திலேயே, ருஷ்யாவில், செத்த வண்டுகளின் கால்களில் கம்பி பொருத்தி அவற்றைக் காதலிக்கவும் சண்டை போடவும் செய்து காட்டியபோது, உயிருள்ள பூச்சிகளையே அவர் பழக்கி வைத்திருப்பதாக நம்பியவர்கள் உண்டு. 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தில் அந்தப் பெருங்குரங்கின் ரோமம் காற்றில் சிலிர்ப்பது போல ஓயாமல் அலைவதைப் பார்த்திருப்பீர்கள்; அது காற்றல்ல, படத்துக்குப் படம் பொம்மையைத் தொட்டு நகர்த்திய மனிதருடைய விரல்கள் விட்டுச் சென்ற தடம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை ஒவ்வொரு கணமும் உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது என்ற இந்தச் சங்கதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் விஷயத்துக்கு அது மிகவும் வேண்டியது.

இனிக் கட்டைகளுக்கு வருகிறேன். டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் தச்சு வேலை செய்துவந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்ஸென், 1932-ஆம் வருஷத்தில், உலகமெங்கும் வியாபாரம் மந்தப்பட்டிருந்த காலத்தில், மரப் பொம்மைகள் செய்து விற்கத் தொடங்கினார். அவர் தொடங்கிய லெகோ கம்பெனி 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்ய ஆரம்பித்தது. ஆனால் அந்தக் கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கவில்லை. கட்டையின் அடியில் குழாய் போன்ற பகுதியை அமைத்து, கீழ்க் கட்டையின் குமிழ்கள் அதனிடையே சிக்கி நிற்கும்படி செய்யும் முறைக்கு 1958 ஜனவரி 28-ஆம் தேதி காப்புரிமை கோரினார்கள். அன்று தீர்மானித்த அளவுதான் இன்றைக்கும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். தாத்தா விளையாடிய 1958-ஆம் வருஷத்துக் கட்டையில் பேரனுடைய இன்றைய கட்டை 'டக்' என்று பொருந்தி உட்காருகிறது.

பொம்மை மனிதர்களுடைய சரித்திரம் இதைவிட விசேஷமானது. 1975-இல் முதன்முதலாக வந்த சிறு உருவங்களுக்கு முகமே கிடையாது; கை கால் அசையாது; வீட்டு வாசலில் நிற்க வைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு உத்தியோகமில்லை. 1978-இல்தான் யென்ஸ் நைகார்ட் நுட்ஸென் என்ற வடிவமைப்பாளரின் முயற்சியால், தலை திரும்பவும், தோள் சுழலவும், கால் முன்னும் பின்னும் போகவும் வல்ல, நாம் அனைவரும் அறிந்த அந்த மஞ்சள் மனிதன் பிறந்தான். அவனுக்கு இரண்டு புள்ளிகள் கண்கள். ஒரு வளைகோடு புன்னகை. போலீஸ்காரனுக்கும், தீயணைப்பவனுக்கும், ஆகாயத்தில் பறப்பவனுக்கும், அரண்மனைக் காவலனுக்கும் அதே முகம், அதே புன்னகை. 1989-இல் கடற்கொள்ளைக்காரர்களின் வரிசை வந்து, ஒற்றைக் கண்ணும் மீசையும் வரைந்த முகங்கள் புறப்படும் வரையில், பதினொரு வருஷ காலம் அந்தச் சிறு உலகத்தின் குடிகள் அனைவரும் ஒரே அச்சில் வார்த்த ஒரே மகிழ்ச்சியோடு வாழ்ந்தார்கள்.

சமூகம் மனிதர்களை ஓர் அச்சில் வார்க்கிறது என்று மேடைகளில் அடிக்கடி உருவகமாகப் பேசுகிறோம். இந்தப் பொம்மை விஷயத்தில் அது உருவகமன்று, பிரத்தியக்ஷமான உண்மை. சார்லி சாப்ளின் தம் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தை 1936-இல் தொடங்கும்போது, மனிதர்கள் ஒரே மாதிரியாகிவிட்டார்கள் என்று காட்டுவதற்காக ஆட்டு மந்தையொன்றை ஓட்டிக் காட்டி, அதையடுத்து வேலைக்குப் போகும் ஜனக்கூட்டத்தைக் காட்ட வேண்டியிருந்தது. நிஜ மனிதர்கள் எத்தனை பேருக்கு ஒரே சட்டையை மாட்டினாலும் அவர்களில் ஒருவன் நெட்டையாகவும் ஒருவன் குட்டையாகவும் ஒருவன் பல் நீண்டவனாகவும் இருந்து காரியத்தைக் கெடுத்துவிடுவதால், ஒருமையை உண்டாக்குவதற்கு டைரக்டர் படாத பாடு பட வேண்டும். கட்டைப் பொம்மைகளை எடுத்தாளுகிறவனுக்கோ ஒருமை இனாமாகவே கிடைத்துவிடுகிறது. அவன் பாடுபட வேண்டியதெல்லாம் வித்தியாசத்தை உண்டாக்குவதற்குத்தான். அசல் வாழ்க்கையிலும் பாடு முழுவதும் அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறது! இந்தச் சாதனத்துக்கும் இந்த விஷயத்துக்கும் உள்ள பொருத்தத்தின் ரகசியம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் இனாமாகக் கிடைத்ததை அப்படியே செலவு செய்துவிடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. இந்த வகையில் எடுக்கப்படும் படங்களில் பலவற்றைப் பார்த்தால், நரைத்த சாம்பல் நிறக் கட்டைகளாலான ஊர் ஒன்று இருக்கிறது. சாம்பல் நிற உடை தரித்தவர்கள் வரிசையாகச் செல்கிறார்கள். அவர்கள் நடுவே சிவப்புத் தொப்பியோடு ஒருவன் வருகிறான். ஊரார் அவனைத் துரத்துகிறார்கள் அல்லது திருத்தப் பார்க்கிறார்கள். முடிவில் ஊரெல்லாம் வர்ணமயமாகிவிடுகிறது. பார்ப்பதற்கு அழகுதான். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. சிவப்புத் தொப்பிக்காரன் பிறக்கும்போதே சிவப்பாகப் பிறந்துவிட்டான். அவனுக்குத் தயக்கமென்பதே கிடையாது. நாமும் படம் தொடங்கிய பத்தாவது விநாடியிலேயே அவன் பக்கம் சேர்ந்து, நம்மை நாமே மெச்சிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறோம். திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேரும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரியாக, 'நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன்' என்று எண்ணிக்கொள்ளும்படி செய்வது ஒரு வேடிக்கையான சாதனை. ஊரோடு ஒத்துப்போதல் என்பது சாம்பல் நிற உடையில் இல்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைத் தனக்குத் தெரியாதது போல விட்டுக்கொடுக்கும் அரை விநாடியில் அது இருக்கிறது.

இந்த அரை விநாடியை அளந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. ஸாலமன் ஆஷ் என்ற மனோதத்துவ அறிஞர், அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்திலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் செய்து, 1951-இல் வெளியிட்ட பரீக்ஷை அது. ஒரு மேஜையைச் சுற்றி மாணவர்கள் சிலரை உட்கார வைத்து, ஓர் அட்டையில் ஒரு கோட்டையும் மற்றோர் அட்டையில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகளையும் காட்டி, முதற்கோட்டுக்குச் சமமானது எது என்று வரிசையாகக் கேட்பார். குழந்தைகூடத் தவறாமல் சொல்லிவிடக் கூடிய கேள்வி. ஆனால் அந்த மாணவர்களில் ஒருவனைத் தவிர மற்றவர்கள் யாவரும் ஆஷுடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டவர்கள். 18 சுற்றுக்களில் 12 சுற்றுக்களில் அவர்கள் ஒருமுகமாகத் தவறான விடையையே சொல்வார்கள். விஷயம் அறியாத அந்த ஒருவனுடைய முறை, மற்றவர்களில் பெரும்பாலோர் சொல்லி முடித்த பிறகுதான் வரும். அப்படி அகப்பட்டவர்கள் சொன்ன விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரிந்த உண்மையை விட்டுக் கூட்டத்தோடு போயிற்று. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது வளைந்துகொடுத்தார்கள். நான்கில் ஒருவர் கடைசி வரையில் வளையவேயில்லை. இந்தப் புள்ளி விவரங்களைச் சொல்லுகிறவர்கள் அடிக்கடி சொல்லாமல் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. கூட்டத்தில் வேறு ஒரே ஒருவன் சரியான விடையைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தபோது, கூட்டத்தோடு போகிற விடைகள் பழைய அளவில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன.

இந்த அறையைக் கட்டைகளால் கட்டிப் பார்ப்போம். என்னோடு நீங்களும் மனத்தில் கட்டிக்கொண்டே வரவேண்டும். வெண்மையான மூன்று சுவர்கள். நான்காம் சுவருக்குப் பதில் காமிரா. நீளமான மேஜைக்குப் பின்னால் ஏழு மஞ்சள் மனிதர்கள், 1978-ஆம் வருஷத்து முகத்தோடு, ஒரே நீலச் சட்டையோடு. எட்டாமவன் பரீக்ஷை நடத்துகிறவன்; அவனுக்கும் அதே புன்னகைதான். மேஜையின் நடுவில் நான்கு கட்டை உயரமுள்ள ஒரு தூண் நிற்கிறது; அதற்குச் சமமான தூண் வரும்போது கை தூக்க வேண்டும். இங்கே ஒரு பெரிய சௌகரியத்தைக் கவனியுங்கள். கோட்டின் நீளத்தில் ஒருவனுக்கு ஐயம் வரலாம். கட்டைகளை யாரும் எண்ணிவிடலாம். திரையைப் பார்க்கிற பாமரனும் குழந்தையும் 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று எண்ணிச் சாட்சியாகிவிடுகிறார்கள். அபிப்பிராய பேதத்துக்கே இடமில்லாத உலகம் அது.

பரீக்ஷை நடத்துகிறவன் தூணுக்குப் பக்கத்தில் மூன்று கட்டைத் தூண் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறான். ஒருவரும் கை தூக்கவில்லை. அதை எடுத்துவிட்டு நான்கு கட்டைத் தூணை வைக்கிறான். ஆறு பேர் அசையவில்லை. ஏழாமவன் கை மட்டும் மேலே எழும்பத் தொடங்கி, பாதியில் நிற்கிறது. இந்தப் பொம்மைக்கு முழங்கை கிடையாது. தோளிலிருந்து விறைப்பாகத்தான் கை சுழலும். ஆகையால் பாதியில் நின்ற கை, நிஜ மனிதனுடைய கையைப் போலத் தலையைச் சொறிவதாகவோ சட்டையைச் சரிசெய்வதாகவோ பாவனை பண்ணித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. அது அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. தலை ஒரு பக்கம் சிறிது திரும்புகிறது, மறுபக்கம் திரும்புகிறது. கை இறங்குகிறது. அதன் பிறகு ஐந்து கட்டைத் தூண் வருகிறது. முதல் மனிதன் கை தூக்குகிறான்: ஆறு படங்கள், அதாவது அரை விநாடி. இரண்டாமவன்: ஆறு படங்கள். மூன்றாமவன், நான்காமவன், எல்லோரும் தாளம் தப்பாமல் அரை விநாடிக்கு ஒருவராக. இந்த மூன்று விநாடிகளில் பார்க்கிறவர்களுடைய காலும் தம்மையறியாமல் தாளம் போடத் தொடங்கியிருக்கும். ஏழாமவன் முறை வருகிறது. ஆறு படங்கள் கடந்துவிட்டன, அசைவில்லை. பன்னிரண்டு, அசைவில்லை. முப்பது படங்கள், இரண்டரை விநாடி, அந்தத் திரையில் ஒன்றுமே நடக்காது. அதன் பிறகு கை மேலே போகிறது, மற்றவர்களைவிடச் சற்று வேகமாகவே.

இந்த முப்பது படங்களை எடுப்பதற்குத் தொழிலாளிக்கு ஒரு சிரமமும் இல்லை; பொம்மையைத் தொடாமல் காமிராவை மட்டும் அழுத்தினால் போதும். ஆனால் இந்தக் கலையின் சிகரம் அங்கேதான் இருக்கிறது. அசைவை வாங்குவதற்காகவே படைக்கப்பட்ட ஒரு வித்தையில், அசையாமையை எங்கே எவ்வளவு நேரம் வைப்பது என்று அறிந்தவன்தான் மேதை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாப் பொம்மைகளையும் எப்போதும் அசைத்துக்கொண்டேயிருப்பார்கள். அதிலிருந்து தேறி வருவதற்குச் சில வருஷங்கள் ஆகின்றன.

அந்த ஏழாமவனுடைய முகத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தயங்கும்போதும் அவன் புன்னகை செய்துகொண்டிருக்கிறான்; கை இறங்கும்போதும் புன்னகை; பொய்க்குக் கை தூக்கும்போதும் அதே புன்னகை. மற்ற ஆறு பேருக்கும் அதுவே. ஒரு நல்ல நடிகர் அந்த இடத்தில் இருந்தால் உதட்டைக் கடித்திருப்பார், கண் கலங்கியிருப்பார். நாமும் பரிதாபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். பொம்மையின் மாறாத புன்னகை அந்தச் சுலபமான வழியை அடைத்துவிடுகிறது. அவன் உள்ளே என்ன நினைக்கிறான் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லாததனால், நம் உள்ளத்தில் இருப்பதை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டியதாகிறது. அதற்கும் மேலாக, உடன்பட்டவனுடைய புன்னகையும் உடன்படாதவனுடைய புன்னகையும் ஒன்றாயிருப்பதைக் கண்டதும், 'மற்ற ஆறு பேரும் மனப்பூர்வமாகத்தான் கை தூக்கினார்களா?' என்ற சந்தேகம் தானே பிறக்கிறது. படம் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

மாறாத முகத்தின் இந்தச் சக்தியைக் கட்டைக்காரர்களுக்கு வெகுகாலம் முன்பே அறிந்து ஆண்டவர் செக்கோஸ்லோவாகியா தேசத்து இர்ஷி த்ரன்கா. 1912-இல் பில்ஸென் நகரில் பிறந்த இந்தப் பொம்மைக் கலைஞர், தம் பொம்மைகளின் முகத்தில் இன்ன உணர்ச்சி என்று தீர்மானிக்க முடியாத ஒரு பார்வையைத் தீட்டிவிடுவார். தலை சாய்ந்தால் அது சோகமாகும். வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து விழுந்தால் அதுவே ஏக்கமாகும். 1965-இல் அவர் எடுத்த 'கை' என்னும் படம், ஒரு சொல்லும் பேசாமல் பதினெட்டு நிமிஷம் ஓடுகிறது. சிறிய அறையொன்றில் ஒரு குயவன் தன் பூச்செடிக்காகத் தொட்டிகள் வனைந்துகொண்டு சந்தோஷமாக இருக்கிறான். உறை மாட்டிய பெரிய மனிதக் கை ஒன்று உள்ளே வருகிறது. அவன் வனைந்த மண்ணைப் பிசைந்து, தன்னைப் போன்ற கையுருவமாக்கிக் காட்டி, இதைச் செய் என்கிறது. அவன் மறுத்து, மண்ணை மறுபடியும் தொட்டியாக்குகிறான். அது தொலைபேசியில் வருகிறது, டெலிவிஷன் கொடுத்து ஆசை காட்டுகிறது, மயக்கிப் பார்க்கிறது, கடைசியில் அவனைப் பொன் கூண்டில் அடைத்து, கயிறு கட்டி ஆட்டி, பிரம்மாண்டமான கைச்சிலையொன்றைச் செதுக்க வைக்கிறது. அவன் தப்பி ஓடிவந்து தன் அறையை உள்ளே அடைத்துக்கொள்கிறான். அவனுடைய பூந்தொட்டியே தலையில் விழுந்து இறந்துபோகிறான். அந்தக் கை அவனுக்குப் பதக்கங்கள் சூட்டி, சகல மரியாதைகளுடன் சவ அடக்கம் செய்கிறது.

படத்திலுள்ள மற்றவையெல்லாம் பொம்மையாக இருக்க, அந்தக் கை ஒன்றுதான் உயிருள்ள மனிதக் கை. பொம்மைப் படம் எடுக்கிறவன் ஒவ்வொரு சட்டகத்திலும் மறைத்து வைக்க வேண்டிய தன் கையையே த்ரன்கா வில்லனாக்கிப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்! அரசாங்கத்தைச் சொல்கிறாரா, தம்மையே சொல்லிக்கொள்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத துணிச்சல் அது. அரசாங்கத்தின் ஸ்டூடியோவிலேயே எடுக்கப்பட்ட அந்தப் படம் வெளிவந்தது. வெளிதேசத்து விழாவிலே பரிசும் பெற்றது. வசனமில்லாத படத்தில் தணிக்கை அதிகாரியின் கத்தரிக்கோலுக்கு எந்த வரியும் அகப்படவில்லை. கைதானே ஐயா, எந்தக் கை என்று யார் சொல்வது? த்ரன்கா 1969 டிசம்பர் மாதத்தில் காலமானார். அதற்குள் அந்த தேசத்தில் சோவியத் டாங்கிகள் புகுந்து, காற்றும் திசை மாறிவிட்டது. மறு வருஷம் படத்தின் பிரதிகளைக் கைப்பற்றி, சுமார் இருபது வருஷ காலம் யாரும் பார்க்காதபடி பூட்டி வைத்தார்கள். மௌனத்துக்கும் பொருள் உண்டு என்று அதிகாரிகள் புரிந்துகொள்ள ஐந்து வருஷம் பிடித்தது. ரசிகர்களுக்குப் பதினெட்டு நிமிஷம்.

அதே தேசத்தில், யான் ஷ்வான்க்மாயர் 1982-இல் எடுத்த படத்தின் முதல் பகுதியையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். காய்கறிகளாலான தலை ஒன்றும், பாத்திரம் பண்டங்களாலான தலை ஒன்றும் சந்திக்கின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கி, அரைத்து, உமிழ்கிறது. உமிழ்ந்தது இன்னொன்றைச் சந்தித்து விழுங்குகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் துணுக்குகள் பொடியாகிக்கொண்டே வந்து, கடைசியில் மழமழவென்ற களிமண் தலைகள் தம்மைப் போலவே இருக்கும் களிமண் தலைகளைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. படத்தின் பெயர் உரையாடலின் சாத்தியங்களைப் பற்றியது; படத்தில் உரையாடல் கிடையாது. ஜெர்மனியில் லௌவன்ஸ்டைன் சகோதரர்கள் 1989-இல் எடுத்து ஆஸ்கார் பரிசு பெற்ற 'சமநிலை' என்ற படத்தில், அந்தரத்தில் மிதக்கும் பலகையொன்றின்மேல் ஒரே மாதிரி நீண்ட அங்கி அணிந்த ஐந்து பேர் நிற்கிறார்கள். ஒருவன் ஓரடி வைத்தால் மற்றவர்களும் அடி வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பலகை சாய்ந்துவிடும். ஒத்துப்போவது அங்கே கோழைத்தனமன்று, பிராணாதாரம். அதைக் குலைத்துப் பேராசைப்பட்டவன் கடைசியில் தனியே நின்று, எதிர் மூலையிலுள்ள பெட்டியை எட்டவும் முடியாமல், அசையவும் முடியாமல் மாட்டிக்கொள்கிறான். சிவப்புத் தொப்பிப் படங்களை எடுக்கிறவர்கள் இதை ஒரு தடவை பார்க்கலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு, லெகோ கம்பெனியின் பெயரையே தாங்கி 2014-இல் வெளிவந்த பெரிய படத்தைப் பற்றி நான் வாய் திறக்காமல் போனால் முன்வரிசையிலுள்ள இளைஞர்கள் என்னை விடமாட்டார்கள். அது ஸ்டாப் மோஷன் படமன்று. ஸிட்னி நகரத்தில் கம்ப்யூட்டரால் செய்து, கட்டைகளின் மேல் கீறல்களையும் விரல் ரேகைகளையும்கூடப் பொய்யாகப் பூசி, கையால் நகர்த்தியது போலவே தோன்றும்படி பண்ணிய சாமர்த்தியம். அதிலும் கதை இதுவேதான்: குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருப்பது எதையும் மீறாமல் நடந்து, எல்லோரும் பாடுகிற பாட்டையே பாடி, எல்லோருக்கும் பிடித்ததே தனக்கும் பிடிக்கும் என்று மகிழ்கிற ஒரு கட்டடத் தொழிலாளியின் கதை. நான் சிரித்து மகிழ்ந்து பார்த்தேன். வில்லன் கையிலுள்ள ஆயுதம் பசை என்று அமைத்தது ஆழமான யோசனை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், 'நீ விசேஷமானவன், உன் வழியில் கட்டு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்ட இடத்தில் படம் மெலிந்துவிடுகிறது. ஊர் சொல்வதைக் கேளாதே என்பதும் ஊர் முழுவதும் சேர்ந்து பாடத் தகுந்த ஒரு கோஷமாகிவிட்டால், கேட்கிறவன் என்ன செய்வான்? பாட்டை மாற்றிக்கொள்வான்; பாடுவதை நிறுத்தமாட்டான். கடையில் போய் ஒரு பெட்டிக் கட்டையும் வாங்குவான்.

அந்தப் பசையை வைத்தே, எதிர்த் திசையிலிருந்து வருகிற ஓர் ஆக்ஷேபத்தையும் கவனிக்கலாம். 'ஒரே அளவு, ஒரே அச்சு என்று இகழ்கிறீரே. அந்த ஒருமை இல்லாவிட்டால் கட்டையே ஏது?' என்று யாரேனும் கேட்டால் அவர் கேட்பது நியாயம். எட்டுக் குமிழுள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால் எத்தனை விதமாகப் பொருத்தலாம் என்று கணக்கிட்டு, நெடுங்காலம் கம்பெனியார் 10 கோடிச் சொச்சம் என்று சொல்லிவந்தார்கள். அது கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு உயரத்துக்கு அடுக்குகிற முறைகளை மட்டும் எண்ணிய கணக்கு. ஸோரன் ஐலர்ஸ் என்ற டேனிஷ் கணித அறிஞர் பிற்பாடு முழுமையாக எண்ணிப் பார்த்ததில் 91,51,03,765 என்று வந்தது. கோலப் புள்ளிகள் சம தூரத்தில் இருப்பதனால்தானே இழுக்கிற கை வளைந்து வளைந்து போக முடிகிறது. குமிழ்களின் ஒழுங்கும் அப்படிப்பட்டதே. பாஷையின் இலக்கணம், சாலையின் விதி, சங்கீதத்தின் சுருதி ஆகியவற்றோடு நாம் ஒத்துப்போவது இந்த வகையைச் சேர்ந்தது. குமிழில் பொருந்திய கட்டையைப் பிடுங்கி எடுக்கலாம், வேறிடத்தில் வைக்கலாம். பசையில் ஒட்டிய கட்டையை எடுக்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தை, பொருத்தும்போது ஒரு 'டக்', எடுக்கும்போது ஒரு 'டக்', எடுக்க வராதபோது நிசப்தம் என்று மூன்றே ஒலிகளால் ஒரு படம் சொல்லிவிடக் கூடும். எடுக்க வரவில்லை என்பதைக் காட்டப் பொம்மையின் உடல் இழுத்து இழுத்து நடுங்க வேண்டும். இரண்டு படத்துக்கு ஒரு தடவை அதை அரை மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும்.

இனி, இந்தக் காரியத்தில் கை வைக்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். 1973-இல், கை கால் அசையும் பொம்மை பிறப்பதற்கு முன்பே, டென்மார்க்கில் இரண்டு சிறுவர்கள் லெகோ கட்டைகளைக் கொண்டு சந்திர மண்டல யாத்திரை ஒன்றை எட்டு மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தார்கள்; ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து லிண்ட்ஸே ஃப்ளே 'மந்திர வாயில்' என்னும் படத்தை 1985-இல் தொடங்கி 1989 வரையில் தனியொருவராகப் பாடுபட்டு முடித்தார். உங்களிடம் இருக்கும் கைபேசி அவர்களுடைய காமிராக்களைவிட மேலானது. ஜன்னலை அடைத்துவிட்டு ஒரே விளக்கில் எடுங்கள். மேகம் போகிற ஒவ்வொரு தடவையும் சூரிய வெளிச்சம் மாறிப் படம் மினுக்கும். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் காமிரா தானாக மாற்றிக்கொள்ளாதபடி பூட்டிவையுங்கள். மேஜையின்மேல் சாயாதீர்கள். பொம்மையின் பாதம் குமிழில் மாட்டிக்கொள்வதால் அது விழாமல் நிற்கும் என்பது உங்களுக்கு அனுகூலம். அடி வைத்தால் குமிழுக்குக் குமிழ்தான் வைக்க முடியும் என்பது பிரதிகூலம். ஆனால் நம் விஷயத்துக்கு அந்தப் பிரதிகூலமும் அனுகூலமே. ஏனென்றால், குறித்த இடத்தைத் தவிர வேறிடத்தில் கால் ஊன்ற முடியாதவர்களைப் பற்றித்தானே படம் எடுக்கிறீர்கள்? குமிழில்லாத வழவழப்பான தகடு ஒன்றைப் படத்தின் நடுவில் எங்கேயாவது போட்டு, அதன்மேல் ஒரு பொம்மையை நடக்க விட்டுப் பாருங்கள். தடுமாறும், சாயும், உங்களுக்குப் பொறுமை போகும். அந்தத் தடுமாற்றத்தைச் செப்பனிட்டு மறைத்துவிடாதீர்கள்.

சங்கீதத்தைக் கடைசியில் சேருங்கள். முதலில் சேர்த்தால் அது உங்களுக்குப் பதிலாக அழுதுவிடும். பெயர் வைப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். ஒரு வார்த்தையும் பேசாமல் ஐந்து நிமிஷம் பொறுமையாகச் சொல்லி வந்ததை, 'தனித்து நில்' என்று தலைப்புப் போட்டு ஒரே விநாடியில் கொட்டிக் கவிழ்த்தவர்கள் உண்டு. த்ரன்கா தம் படத்துக்குக் 'கை' என்று மட்டுமே பெயர் வைத்தார். முடித்த படத்தைத் திரையிடும்போது முன்னுரை ஒன்றும் சொல்லாதீர்கள். பார்த்தவர்களில் ஒருவர், ஏழாமவன் கை தூக்கியது மற்றவர்கள் மனம் நோகக் கூடாதென்ற தாக்ஷிண்யத்தினால்தான் என்று பொருள் சொல்லக்கூடும். இன்னொருவர் அவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்பார். ஒரு சிறுமி, பரீக்ஷை நடத்தியவனுடைய கை மட்டும் ஏன் ஒரு தடவைகூட மேலே போகவில்லை என்று கேட்பாள். அவர்களைத் திருத்தப் போகாதீர்கள். அந்தச் சிறுமியின் கேள்விக்குப் பதில் உங்களிடம் இல்லாவிட்டால், அடுத்த படத்துக்குக் கதை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.